ஷேக்ஸ்பியர் என்ற குடும்பப் பெயரின் கிளைகள்

1909-இல் லண்டன் சான்சரி லேனில் இருந்த அரசு ஆவணக் காப்பகத்தில், சார்லஸ் வாலஸ், ஹுல்டா வாலஸ் என்ற அமெரிக்கத் தம்பதி பழைய வழக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வழக்கில் யார் சாட்சி சொன்னார் என்று பார்க்கப் பெயர்ப்பட்டியல் கிடையாது. ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் மூட்டை முழுவதையும் படித்துத்தான் ஆக வேண்டும். அப்படிப் படித்தபோது அகப்பட்டதுதான் 1612-ஆம் ஆண்டின் சீதன வழக்கு. மாமனார் சொன்னபடி பணம் தரவில்லை என்று மருமகன் தொடுத்த வழக்கில், அந்த வீட்டில் குடியிருந்தவரும் கல்யாணப் பேச்சில் உதவியவருமான வில்லியம் ஷேக்ஸ்பியர் சாட்சி சொல்லி, பெயரைப் பாதியில் சுருக்கிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இன்று அந்தக் கையெழுத்தைக் கைபேசியிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். அவரைப் பற்றிய ஆவணங்களின் படங்களை வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. ஆனாலும் தேடுவது எளிதான அளவுக்குக் குடும்ப உறவை நிரூபிப்பது எளிதாகிவிடவில்லை.

1538-இல் இங்கிலாந்து மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் போட்ட உத்தரவால் ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியத் தொடங்கியது. 1598-இல், பழைய பதிவுகளைத் தோல் ஏடுகளில் பெயர்த்தெழுதச் சொன்னார்கள். சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் 1564 ஏப்ரல் 26-ஆம் தேதி வில்லியமுக்கு ஞானஸ்நானம் நடந்ததைச் சொல்லும் வரியும் அப்படிப் பெயர்த்தெழுதியதுதான். மூலம் போய்விட்டது. நம் கைக்கு வந்திருப்பது நகல்.

நகல் எடுப்பவர் தவறலாம், நேரடியாக எழுதுபவரும் தவறலாம். 1582 நவம்பர் 27-ஆம் தேதி, வூஸ்டர் ஆயரின் பதிவேட்டில் வில்லியமின் திருமண அனுமதி பதிவானது. அதில் மணமகள் டெம்பிள் க்ராஃப்டனைச் சேர்ந்த ஆன் வேட்லி. மறுநாள் இரண்டு விவசாயிகள் 40 பவுண்டுக்கு எழுதிக்கொடுத்த பிணைப்பத்திரத்திலோ மணமகள் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஆன் ஹாத்வே. ஷேக்ஸ்பியர் என்ற பெயரின் எழுத்தும் இரண்டு தாள்களில் இரண்டு விதம். இதை வைத்துக்கொண்டு, கைவிடப்பட்ட காதலி ஒருத்தி இருந்ததாகவே சிலர் கதை கட்டினார்கள். அதே பதிவேட்டில் அதே நாளில் என்ன நடந்தது என்று பார்த்தவர்களுக்கு விடை கிடைத்தது. வில்லியம் வேட்லி என்ற ஒருவரின் வழக்கும் அன்று அங்கே வந்திருந்தது. எழுத்தர் அந்தப் பெயரை இங்கே மாற்றி எழுதியிருப்பார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இல்லாத ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க ஒரு கைத்தவறு போதும் என்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

இன்று அந்த ஆபத்து கூடியிருக்கிறது. அப்போதெல்லாம் தவறான கிளையை ஒட்டவைக்கவே வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். இப்போது ஒரு பொத்தானை அழுத்தினால் முன்பின் தெரியாதவர் போட்ட வம்சமரம் நம் மரத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஷேக்ஸ்பியர் பெயர் உள்ளவர்கள் பலருக்கும் கவிஞரின் வாரிசாக இருக்கும் ஆசை இயல்பானது. உண்மை வேறு. அவருடைய ஒரே மகன் ஹாம்னெட் 1596-இல் சிறுவனாகவே இறந்தான். கடைசிப் பேத்தி எலிசபெத் 1670-இல் இறந்ததோடு நேர் வாரிசு முடிந்தது. தங்கை ஜோனின் வழி மட்டும் ஹார்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. லண்டன் ஷாட்வெல்லில் கயிறு திரித்துப் பிழைத்த இன்னொரு ஷேக்ஸ்பியர் குடும்பத்தின் கிளை இந்தியா வரை வந்தது. 1840-இல் மத்திய ஆசியாவின் கீவாவில் அடிமைப்பட்டுக் கிடந்த ரஷ்யர்களை மீட்ட ரிச்மண்ட் ஷேக்ஸ்பியர் 1812-இல் இந்தியாவில் பிறந்தவர்.

மரபணுச் சோதனையும் வந்துவிட்டது. 2000-இல் மரபியலாளர் பிரையன் சைக்ஸ், தன் குடும்பப் பெயரைக் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஒரே வகை இருந்தது. கவிஞர் விஷயத்தில் அது உதவவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய ஆண்வழியில் நிச்சயமான வாரிசு எவரும் இல்லை.

ஆகவே ஏடுதான் கதி. அப்பா ஜான், 1552-இல் ஹென்லி தெருவில் குப்பைமேடு சேர்த்ததற்காக ஒரு ஷில்லிங் அபராதம் கட்டினார். ஸ்ட்ராட்ஃபோர்டில் அவர் இருந்ததற்கு முதல் சாட்சி அந்த அபராதம்தான். ஜானைப் பற்றிப் புதிய ஆவணங்களை 2018-இல் வரலாற்றாய்வாளர் க்ளின் பாரி கண்டெடுத்ததும் கியூ தேசியக் காப்பகத்தின் கருவூலச் சுவடிகளை நேரில் துழாவித்தான். ஜானின் தந்தை ரிச்சர்டு, ஸ்னிட்டர்ஃபீல்டில் குத்தகை விவசாயி. ரிச்சர்டின் தந்தை யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

இங்கிலாந்து ஏடுகளில் கிளை தேடுகிறவர்கள், பட்டியலில் பெயர் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து, அந்த வரிக்கு மேலும் கீழும் இருப்பதையும் படித்துவிட்டு மரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.