பழைய காருக்குப் பெரிய ஆல்டர்நேட்டர்: மாற்றும் முன் அறிய வேண்டியவை

ஒரு குடும்பத்தின் செலவு வரவை மிஞ்சினால் சேமிப்பில் கை வைக்க வேண்டியதுதான். சேமிப்பும் கரைந்தால் குடும்பம் தள்ளாடும். காரின் மின்சாரக் கணக்கும் இப்படித்தான். ஆல்டர்நேட்டர் தருவது வரவு. விளக்கு, குளிர்சாதனம், மழைத் துடைப்பான், வானொலி ஆகியவை தின்பது செலவு. பேட்டரிதான் சேமிப்பு.

கெடா மாநிலத்தின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கிறது செர்டாங். இந்த வட்டாரத் தோட்டங்களிலிருந்து கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு இரவு வேலைக்குச் செல்லும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். அப்பா ஓட்டிய பழைய புரோட்டோன் சாகா. கொட்டும் மழை. இரு பக்கமும் செம்பனை. முன்விளக்கு, துடைப்பான், குளிர்சாதனம் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு சந்திப்பில் கார் நின்றதும் முன்விளக்கின் ஒளி மங்குகிறது. மறுநாள் காலையில் இயந்திரம் முடுக்க மறுக்கிறது.

பட்டறைகளில் அதன் பிறகு நடக்கும் பேச்சு பலருக்கும் பழக்கமானதுதான்.

"தம்பி, பேட்டரி போச்சு."

"போன தீபாவளிக்குத்தான் மாத்தினேன் அண்ணே."

"அப்படின்னா ஆல்டர்நேட்டர் பத்தல. ஹாஃப்கட் கடையில பெருசா ஒன்னு வாங்கிப் போட்டுடலாம்."

அந்த யோசனையில் தவறில்லை. ஆனால் அது பாதி யோசனைதான். மீதிப் பாதியை விட்டுவிட்டால், மங்கிய விளக்கில் தொடங்கிய கதை கருகிய ஒயரில் முடியக்கூடும்.

டைனமோவிலிருந்து ஆல்டர்நேட்டர் வரை

இந்தப் பிரச்சினை புதியதன்று. மலாயாவில் ஒரு காலத்தில் பரவலாக ஓடிய மோரிஸ் மைனர் காரில் ஆல்டர்நேட்டரே கிடையாது. அதில் இருந்தது டைனமோ. அது தந்த மின்சாரம் சுமார் 20 ஆம்பியர்தான். கார் மெதுவாக ஓடும்போது அதுவும் வராது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளிமத் வேலியன்ட் காரில் ஆல்டர்நேட்டர் நிரந்தர உறுப்பாக இடம்பெற்றது. அதன் பிறகு உலகம் முழுவதும் டைனமோ படிப்படியாக ஓரங்கட்டப்பட்டது. இன்றும் மோரிஸ் மைனரைப் பேணி வருவோர் முதலில் செய்யும் மாற்றங்களில் ஒன்று டைனமோவைக் கழற்றி ஆல்டர்நேட்டர் பொருத்துவது. அந்தக் காரில் பேட்டரியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதை எதிர்முனைக்கு மாற்றாமல் வழக்கமான ஆல்டர்நேட்டரை மாட்டினால், அதனுள் இருக்கும் டையோடுகள் நொடியில் எரிந்துவிடும்.

1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகாவில் ஆல்டர்நேட்டர் இருந்தது. ஆனால் அந்தக் காலத்துச் சிறிய கார்களில் அதன் திறன் பொதுவாக 45 முதல் 65 ஆம்பியர் வரைதான். அன்றைய தேவைக்கு அது போதும். பிறகு சேர்ந்த சக்தி வாய்ந்த ஒலிபெருக்கி, கூடுதல் மின்விசிறி, மூடுபனி விளக்கு ஆகியவற்றை அன்றைய பொறியாளர்கள் கணக்கில் எடுத்திருக்க முடியாது.

செலவுக் கணக்கு

மழை இரவில் ஒரு பழைய கார் எவ்வளவு மின்சாரம் கேட்கிறது? முன்விளக்கும் பின்விளக்கும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர். குளிர்சாதனக் காற்றாடி 12. ரேடியேட்டர் விசிறியும் குளிர்சாதன விசிறியும் சேர்ந்து 18. கம்ப்ரெசரின் காந்தப் பிடி 4. துடைப்பான் 5. இயந்திரத்தின் தீப்பொறி அமைப்பு 5. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் மொத்தம் 54 ஆம்பியர்.

"என் காரில் 55 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் இருக்கிறதே, போதுமே" என்று ஒருவர் கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஆல்டர்நேட்டரின் மீது எழுதியிருக்கும் எண், அது வேகமாகச் சுழலும்போது தரும் அளவு. கார் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போது பாதிகூட வராது. 55 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் அப்போது 25 ஆம்பியர் தந்தால், மீதி 29 ஆம்பியரைப் பேட்டரிதான் ஈடு செய்ய வேண்டும். நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் 14 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விசிறிகள் விட்டு விட்டு ஓடுவதால் உண்மையில் இழப்பு சற்றுக் குறையலாம். ஆனாலும் தினமும் இப்படி நடந்தால் புதிய பேட்டரியும் ஓராண்டில் சோர்ந்துவிடும்.

ஆகவே ஹாஃப்கட் கடையில் வாங்கும்போது எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. குறைந்த வேகத்தில் அது எவ்வளவு தரும் என்பதே முக்கியம். 90 ஆம்பியர் என்று பெயர் பெற்ற ஒன்று, நின்ற நிலையில் பழையதைவிடச் சற்றே கூடுதலாகத் தருவதும் உண்டு.

பெரியது போட்டால் எல்லாம் எரிந்துவிடுமா?

பலருக்கு இருக்கும் பயம் இது. 90 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் 90 ஆம்பியரையும் காருக்குள் திணிக்கும் என்று நினைக்கிறார்கள். அது தவறு. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாகக் கட்டியதால் வீட்டுக் குழாய் வெடித்துவிடுவதில்லை. குழாயைத் திறக்கும் அளவுக்குத்தான் நீர் வரும். ஆல்டர்நேட்டரில் உள்ள ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைச் சுமார் 14 வோல்ட்டில் நிறுத்தி வைக்கிறது. விளக்கும் விசிறியும் தமக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் தடித்த ஒயரைக் கவனிக்க வேண்டும். பழைய கார்களில் அது 5 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்கலாம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அத்தகைய ஒயரில் 45 ஆம்பியர் ஓடினால் உண்டாகும் வெப்பம் சுமார் 10 வாட். 90 ஆம்பியர் ஓடினால் வெப்பம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. அதாவது ஏறக்குறைய 40 வாட். வானொலி பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோல் ஒன்றின் வெப்பம் அது. இயந்திரத்தின் சூட்டோடு அதுவும் சேர்ந்தால், முப்பது ஆண்டு பழைய பிளாஸ்டிக் உறை எவ்வளவு நாள் தாங்கும்? பேட்டரி இறங்கிக் கிடக்கும் காரை முடுக்கிய முதல் சில நிமிடங்களில் ஆல்டர்நேட்டர் தன் முழுத் திறனையும் தர முயலும். ஒயர் கருகுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஒயர், பியூஸ், பெல்ட்

எனவே ஆல்டர்நேட்டரை மாற்றுவோர் ஒயரையும் மாற்ற வேண்டும். 90 ஆம்பியருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் பொருத்தமானது. அதே ஒன்றரை மீட்டரில் வெப்பம் 10 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

புதிய ஒயரில் பியூஸ் வைக்காமல் விடுவது பெரிய தவறு. அந்தப் பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்க வேண்டும். காரணம் எளிது. ஒயர் எங்காவது உரசி இரும்பில் பட்டால், பல நூறு ஆம்பியரைக் கொட்டுவது ஆல்டர்நேட்டர் அன்று, பேட்டரிதான். பியூஸின் அளவு ஆல்டர்நேட்டரின் திறனைவிடச் சற்றுக் கூடுதலாகவும், ஒயரின் தாங்கு திறனைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 90 ஆம்பியருக்கு 100 முதல் 125 வரை சரியாக இருக்கும். பழைய ஜப்பானிய வகைக் கார்களில் பேட்டரி அருகே உள்ள பியூசிபிள் லிங்க் என்னும் உருகு இணைப்பை நீக்கிவிட்டுச் சாதாரண ஒயரைச் செருகுவது, வீட்டுப் பியூஸில் ஆணியைச் செருகுவதற்கு ஒப்பாகும்.

எர்த் ஒயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போன மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். இயந்திரத்திலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கு வரும் பாதை துருப்பிடித்திருந்தால், புதிய ஆல்டர்நேட்டரால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது பெல்ட். 90 ஆம்பியரை 14 வோல்ட்டில் தர 1,260 வாட் வேண்டும். ஆல்டர்நேட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால், இயந்திரத்திலிருந்து சுமார் 3 குதிரைத் திறன் உறிஞ்சப்படும். அத்தனையும் ஒரே ஒரு வி வடிவ பெல்ட் வழியாகத்தான் போக வேண்டும். தளர்ந்த பெல்ட் வழுக்கும், கீச்சிடும். அதை அடக்குவதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்நேட்டரின் பேரிங்கும் தண்ணீர்ப் பம்பின் பேரிங்கும் தேயும். புதிய ஆல்டர்நேட்டரின் புல்லி பழைய பெல்ட்டின் வடிவத்துக்குப் பொருந்துகிறதா, நேர்கோட்டில் நிற்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சாகாவின் இயந்திரமும் 1993இல் வந்த வீராவின் 1.3, 1.5 லிட்டர் இயந்திரங்களும் ஒரே மிட்சுபிஷி குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் ஒரே குடும்பம் என்பதற்காகத் தாங்கியின் துளைகள் அப்படியே பொருந்தும் என்று நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது. பழையதைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிடுவதே நல்லது.

இன்னொரு சிறிய செய்தி. டாஷ்போர்டில் எரியும் பேட்டரி விளக்கு வெறும் எச்சரிக்கைக்கு மட்டுமன்று. பல ஆல்டர்நேட்டர்களை எழுப்பிவிடும் முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் செல்கிறது. அழகுக்காக அதை எல்.இ.டி.யாக மாற்றினால் ஆல்டர்நேட்டர் உறங்கிக்கொண்டே இருக்கலாம்.

முதலில் சோதனை, பிறகு செலவு

உண்மையில் பெரிய ஆல்டர்நேட்டர் தேவைதானா என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டர் சொல்லிவிடும். இரவு முழுவதும் ஓய்ந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். பிறகு விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு இயந்திரத்தைச் சற்று வேகமாக ஓட விட்டு, ஆல்டர்நேட்டரின் நேர்முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி ஒயர். இயந்திரத்தின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த்.

இந்த இரண்டும் சரியாக இருந்து, பெல்ட்டும் இறுக்கமாக இருந்து, அப்படியும் விளக்கு மங்கினால் பழைய ஆல்டர்நேட்டரின் கார்பன் பிரஷும் டையோடுகளும் நலமா என்று பார்க்கலாம். அவையும் நலமாக இருந்தால்தான் பெரியதைத் தேடுவதில் பொருள் உண்டு. நல்ல எர்த் ஒயரும் புதிய பெல்ட்டும் போட்ட உடனேயே நோய் தீர்ந்துவிடும் கார்கள் ஏராளம்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைப்பது கட்டாயம். இயந்திரம் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "சார்ஜ் வருகிறதா" என்று பார்க்கும் பழைய பழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்த நொடியில் எழும் உயர் மின்னழுத்தம் ரெகுலேட்டரையும் டையோடுகளையும் தீர்த்துக் கட்டிவிடும். முற்றிலும் இறங்கிய பேட்டரியை ஆல்டர்நேட்டரின் தலையில் கட்டாமல், முதலில் கடையில் கொடுத்து சார்ஜ் செய்துகொள்வதும் நல்லது.

தோட்டப்புறங்களில் பழைய கார் என்பது ஆடம்பரம் அன்று. இரவு வேலைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், அவசரத்துக்கு மருத்துவமனைக்கும் அதுவே துணை. செம்பனைக்கு நடுவே நள்ளிரவில் அது நின்றுவிடுவது வேதனை என்றால், தீப்பற்றுவது பேரிழப்பு. வரவைக் கூட்ட நினைப்பவர், அந்த வரவு வந்து சேரும் பாதையையும் அகலப்படுத்த வேண்டும். முதலில் சோதனை, அடுத்து எர்த், ஒயர், பியூஸ், பெல்ட், கடைசியாக ஆல்டர்நேட்டர். இந்த வரிசை மாறாமல் இருந்தால் அப்பாவின் கார் இன்னும் பல மழைக்காலங்களைக் காணும்.