பெரும்பாக்கம்: ஆற்றங்கரையிலிருந்து எட்டு அடுக்குக்கு

எதிரே வரிசையாகத் தெரியும் எட்டு அடுக்குத் தொகுப்புகள் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்காகத் திட்டமிடப்பட்டவை. கட்டியது குடிசை மாற்று வாரியம். 2021 முதல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்.

1970-இல் தொடங்கிய வாரியம் முதலில் செய்தது வேறு. குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடி கட்டி, அதே மக்களைக் குடியமர்த்தியது. வேலையும் பள்ளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இங்கே அந்தக் கணக்கு மாறியது. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பங்கள் வந்தன. 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரிலிருந்தும் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன.

ஒழுகாத கூரை, உள்ளேயே கழிப்பறை: இதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் குடிசைத் தெருவில் வாசல்தான் கடை, வாசல்தான் திண்ணை. ஏழாம் மாடியில் இட்லிக்கடை போட்டால் யார் வருவார்? லிஃப்ட் நின்றால் முதியவர்கள் வீட்டோடு அடைபடுகிறார்கள். நகருக்குள் வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்கள் பலருக்குப் பஸ்சிலேயே பொழுது போனது, வேலையும் போனது.

இத்தனைக்கும், வெள்ள ஆபத்து என்று காரணம் சொல்லி இவர்களை அழைத்துவந்த இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பெரும்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் வெள்ளம் சூழ்ந்தது. திட்டமிட்டவர்கள் இதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

இது காட்சிப்பொருள் அல்ல, மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.