இறங்கும்போது வலிக்கும் படிகள்

எடைப் பயிற்சி தொடங்கிய மூன்றாம் நாள் காலை. பால் பாக்கெட் எடுக்க மாடியிலிருந்து இறங்க வேண்டும். முதல் படியில் கால் வைத்ததுமே இரண்டு தொடைகளும் இறுகிக்கொண்டன. கைப்பிடிச் சுவரைப் பற்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். பாலை எடுத்துக்கொண்டு மேலே ஏறியபோது அந்த அளவுக்கு வலி இல்லை. இத்தனைக்கும் பயிற்சி முடிந்த அன்று உடம்பு லேசாகத்தான் இருந்தது. மறுநாள் கொஞ்சம் பிடித்தது. அதற்கும் மறுநாள்தான் உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

ஏறுவதைவிட இறங்குவது ஏன் அதிகம் வலிக்கிறது? வேலை செய்த அன்று வராத வலி இரண்டு நாள் கழித்து ஏன் வருகிறது? ஜிம்மில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது, சார்.”

இது நூறாண்டுக்கும் மேலான பழி. 1807இல் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், வேட்டையில் ஓடிக் களைத்த மானின் தசையில் இந்த அமிலத்தைக் கண்டார். பிறகு ஏ.வி. ஹில்லும் ஓட்டோ மேயர்ஹோஃபும் தசையின் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்து 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அன்று முதல் களைப்பு, வலி எதற்கும் இந்த அமிலத்தையே கைகாட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்தாலும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில், இரத்தத்தில் லாக்டேட்டாக இருக்கும் இந்த அமிலத்தின் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எரிக்கின்றன. ஒரு பங்கைக் கல்லீரல் மீண்டும் சர்க்கரையாக்கிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வலியைக் கொடுக்க அது அங்கே இருப்பதே இல்லை.

1983இல் நடந்த ஒரு சோதனை இதற்கு முடிவு கட்டியது. ஒரு குழுவினர் டிரெட்மில்லில் சமதளத்தில் 45 நிமிடம் ஓடினார்கள். இன்னொரு குழுவினர் சரிவில் கீழ்நோக்கி அதே 45 நிமிடம் ஓடினார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியது, பிறகு வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவே இல்லை, ஆனால் அடுத்த நாட்களில் வலி பின்னி எடுத்தது. பழனி மலைப் படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். மூச்சு வாங்குவது ஏறும்போது. தொடை வலிக்குக் காரணம் இறக்கம்.

இறங்கும்போது தசை என்ன செய்கிறது? கிணற்றில் வாளியை மெதுவாக இறக்குபவரின் கையைப் பாருங்கள். கயிற்றை இறுகப் பிடித்திருக்கிறார், அதே நேரம் விட்டுக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறார். படியில் இறங்கும்போது தொடையின் முன்தசை இதைத்தான் செய்கிறது. உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. டம்பெல்லை மேலே தூக்கும்போது சுருங்கும் புயத்தசை, அதைக் கீழே இறக்கும்போது இழுபட்டுக்கொண்டே நீள்கிறது. தூக்குவதைவிட இறக்கும்போது உடல் குறைவான தசை நார்களையே வேலைக்கு அழைக்கிறது. ஆகவே ஒவ்வொரு நாரின் மேலும் விழும் சுமை அதிகம்.

அந்த நார் ஒவ்வொன்றும் சார்கோமியர் என்ற மிக நுண்ணிய கண்ணிகளைக் கோத்த சங்கிலி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 400 கண்ணிகள். சுமையோடு இழுபடும்போது வலுக்குறைந்த கண்ணிகள் அளவுக்கு மீறி நீண்டு குலைந்துவிடுகின்றன. 1981இல் ஸ்வீடன் ஆய்வாளர் யான் ஃப்ரீடனும் கூட்டாளிகளும் சிலரைத் திரும்பத் திரும்பப் படிகளில் ஓடி இறங்கச் செய்தார்கள். பின்னர் அவர்களுடைய கெண்டைக்கால் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கண்ணிகளைப் பிரிக்கும் கோடுகள் கோடு போட்ட நோட்டுப் போல நேராக இருக்க வேண்டும். அவை அங்கங்கே வளைந்து, கலைந்து கிடந்தன. அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902லேயே, இந்த வலி தசைக்குள் ஏற்படும் கிழிசலால் வருவது என்று எழுதியிருந்தார். அவர் கையில் எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடையாது. விரலால் எடையை இழுத்து அளக்கும் எர்கோகிராஃப் என்ற கருவி மட்டும்தான் இருந்தது.

கலைந்த இடத்தைச் சரிசெய்ய ஆட்கள் வந்து சேர நேரம் பிடிக்கும். முதல் சில மணி நேரங்களில் ஒருவகை வெள்ளையணுக்கள் வருகின்றன. அவற்றின் பின்னால் மேக்ரோஃபேஜ்கள் வந்து சிதைந்ததை அப்புறப்படுத்துகின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையில் கண்டறிந்த துணை செல்கள், நாரின் ஓரத்தில் உறங்கிக்கொண்டிருப்பவை, விழித்துப் பெருகுகின்றன. இந்தப் பரபரப்பில் சுரக்கும் பொருள்கள் நரம்பு முனைகளைக் கூருணர்வு கொள்ளச் செய்கின்றன. அதனால்தான் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகிறது. எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு தசை வளரும் என்று நினைக்க வேண்டாம். வலியின் அளவும் சேதத்தின் அளவும்கூடப் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

வலி ஒரு பக்கம் இருக்க, தொடக்கக்காரர்களைப் படுக்கையில் தள்ளும் அசதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தாலியின் டூரின் நகரில் எர்கோகிராஃபை உருவாக்கிய ஆஞ்சலோ மோஸோ, தன் சக ஆசிரியர் மாஜோராவின் விரல் வலுவை அளந்தார். நாள் முழுக்க மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த அன்று, எந்த வேலையும் செய்யாத அந்த விரல் சீக்கிரமே ஓய்ந்துபோனது. 1891இல் வெளிவந்த ‘களைப்பு’ என்ற நூலில் மோஸோ இதை எழுதினார். தசைக்கு ஆணையிடும் மூளையும் களைக்கிறது. முதல் சில வாரங்களில் நமக்குக் கூடும் வலுவில் பெரும்பங்கு, எந்தெந்த நார்களை எப்போது அழைப்பது என்று நரம்பு மண்டலம் பழகுவதால் வருவது. 1979இல் மோரிட்டானியும் டி வ்ரீஸும் இதை அளந்து காட்டினார்கள். அலுவலகத்தில் மண்டை காய்ந்து வந்த அன்று எடை கனமாகத் தோன்றினால், அது சோம்பல் இல்லை.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய வியப்பு ஒன்றுதான். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவாகக் கலங்குவதில்லை. ஒரே ஒரு பயிற்சியின் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கிறது. 2016இல் பிரேசில் ஆய்வுக் குழு ஒன்று 10 வாரப் பயிற்சியைப் பின்தொடர்ந்தது. முதல் பயிற்சிக்குப் பிறகு உடல் மும்முரமாகப் புரதம் தயாரித்தது, ஆனால் அதில் பெரும்பகுதி பழுது பார்க்கவே போயிற்று. சேதம் அடங்கிய பிறகு, மூன்றாம் வாரத்தையொட்டி, தயாராகும் புரதம் வளர்ச்சிக்குப் போகத் தொடங்கியது. முதல் நாளே உடம்பை முறித்துக்கொள்பவர்கள் பழுது பார்க்கும் வேலையைத்தான் கூட்டுகிறார்கள்.

அதனால் தொடக்கத்தில் குறைவே போதும். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒன்றிரண்டு செட். இன்னும் மூன்று முறை தூக்கலாம் என்று தோன்றும்போதே எடையை வைத்துவிடுங்கள். தண்டால், பஸ்கி எடுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஒரே தசைக்கு அடுத்த பயிற்சி வரை 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வலிக்கும் நாளில் படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடந்தால் இறுக்கம் தளரும். தூக்கத்தில் கை வைக்காதீர்கள். நம் காலை உணவில் மாவுச்சத்து நிறைய, புரதம் குறைவு. இட்லியோடு இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ந்தால் பழுது பார்க்கப் பொருள் கிடைக்கும். வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவதும், ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஐஸ் தண்ணீரில் அமர்வதும் வேண்டாம். இரண்டுமே தசை வளர்ச்சியைக் குறைத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி அது.

அப்படி இல்லாத சாதாரண வலி என்றால், அதைக் கண்டு பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வலி தணிந்த பிறகு அதே எடையில் அதே பயிற்சியை இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் இறங்கிப் பாருங்கள்.