சின்னத்திரையில் முதுமகளிர்

நுழையும்முன்

மாலை விளக்கேற்றும் பொழுதில் தமிழக இல்லங்கள் பலவற்றில் தொலைக்காட்சித் தொடர்கள் ஒலிக்கத் தொடங்குகின்றன. அவற்றை ஒரு நாளும் தவறவிடாமல் பார்ப்பவர்களுள் மூத்த பெண்கள் பலர். ஆனால், அவர்களை ஒத்த ஒருவர் கதையை முன்னின்று நடத்திச் செல்லும் தொடர்கள் அரியனவாகவே உள்ளன. இந்நிலை ஏன் தோன்றியது, இதனால் சமூகம் இழப்பது யாது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

இலக்கியம் போற்றிய முதுமகளிர்

முதுமைப் பருவப் பெண்ணைக் கதையின் நடுவே நிறுத்துவது தமிழுக்குப் புதிதன்று. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (278), நரம்பு தெரியும் மெலிந்த தோள்களையுடைய முதியவள் ஒருத்தி வருகிறாள். தன் மகன் போரில் புறமுதுகிட்டான் என்னும் பழிச்சொல்லைக் கேட்ட அவள், கையில் வாளேந்திப் போர்க்களத்திற்கே செல்கிறாள். உண்மையைத் தன் கண்ணால் கண்டபின்னரே அமைதி கொள்கிறாள். பிறர் கூற்றை நம்பி அழுதுகொண்டிராமல் ஆராயவும் முடிவெடுக்கவும் துணிந்தவளாக அவளைப் படைத்துள்ளார் புலவர்.

சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வழிநடத்துபவர் சமணத் துறவியான கவுந்தியடிகள். வழியில் அவ்விருவரையும் இகழ்ந்தவர்களைச் சபிக்கும் சினமும், சாபத்திற்கு எல்லை வகுக்கும் அருளும் அவரிடம் ஒருங்கே அமைந்துள்ளன. அவர் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கும் மாதரியும் ஆயர்குல முதுமகளே. அடைக்கலப் பொருளைக் காக்க இயலாத துயரால் மாதரி தீயில் புகுகிறாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறார். காப்பியத்தின் போக்கோடு பிணைந்த இவ்விருவருக்கும் தத்தமக்கெனக் கடமையும் மனச்சான்றும் உண்டு.

சின்னத்திரையின் வார்ப்புகள்

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தனியார் அலைவரிசைகள் வந்தபின் நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்கள் பெருகின. ‘சித்தி’, ‘கோலங்கள்’ போன்ற தொடர்கள் பெண்ணைக் கதைத்தலைவியாக்கின. எனினும், அத்தலைவியர் பெரும்பாலும் இளம்பெண்களாகவே இருந்தனர்.

மூத்த பெண்களுக்குச் சில வார்ப்புகளே மீண்டும் மீண்டும் வழங்கப்படுகின்றன. மருமகளைத் துன்புறுத்தும் மாமியார் ஒரு வார்ப்பு. பிள்ளைகளுக்காகக் கண்ணீர் வடிக்கும் தாய் மற்றொன்று. கூடத்தில் அமர்ந்து நகைச்சுவை பேசும் பாட்டி மூன்றாவது. மாமியாரின் குரல் வீட்டையே அதிரச்செய்யும். ஆகவே அவரே வலிமையான பாத்திரம் என்று தோன்றலாம். குரலின் உரப்பு வேறு, பாத்திரத்தின் வலிமை வேறு. ஒருவருக்கென விருப்பம் இருத்தல், அவ்விருப்பத்தால் அவர் முடிவெடுத்தல், அம்முடிவு கதையைத் திருப்புதல், அதன் விளைவால் அவரும் மாறுதல் ஆகிய நான்கும் கூடியதே வலிமையான பாத்திரம். தொடரின் மாமியார் ஏன் அவ்வாறு நடந்துகொள்கிறார், அவர் மருமகளாக வந்த நாளில் என்ன நேர்ந்தது, அவருக்கு நிறைவேறாத கனவு ஏதேனும் உண்டா என்னும் வினாக்களைக் கதை எழுப்புவதில்லை. அவர் அடுத்தவரின் கதைக்குத் தடையாக மட்டுமே நிற்கிறார்.

காரணங்கள்

இந்நிலைக்கு முதற்காரணம் வணிகம். அமெரிக்காவில் 1930களில் வானொலித் தொடர் நாடகங்களுக்குச் சவர்க்கார நிறுவனங்கள் பொருளுதவி செய்தன. அதனாலேயே அவ்வகை நாடகங்கள் ‘சோப் ஓபரா’ எனப் பெயர் பெற்றன. இன்றும் சலவைத்தூள், சமையல் எண்ணெய், மசாலாப்பொடி, நகை ஆகியவற்றின் விளம்பரங்கள் தொடர்களின் இடையே இடம்பெறுகின்றன. வீட்டுக்குரிய பொருள்களை வாங்கும் இளம் குடும்பத்தலைவியையே அவ்விளம்பரங்கள் முதன்மையாக நோக்குகின்றன. கதைத்தலைவியும் அவரைப் போன்றே அமைக்கப்படுகிறார்.

இரண்டாவது காரணம் கதையமைப்பு. பெரும்பாலான தொடர்களின் முடிச்சு திருமணத்தைச் சுற்றியே விழுகிறது. திருமணத்தோடு பெண்ணின் கதை தொடங்குவதாகக் கொண்டால், தன் பிள்ளைகளின் திருமணத்தை முடித்தவரின் கதை முடிந்ததாகவே கருதப்படும்.

மூன்றாவது காரணம் விரைவு. நாள்தோறும் ஒரு பகுதியை ஒளிபரப்ப வேண்டிய நெருக்கடியில், பார்த்தவுடன் விளங்கும் வார்ப்புகளே எழுதுவோர்க்கு எளிதாகின்றன.

இவற்றோடு அழகு குறித்த பாகுபாடும் சேர்ந்துகொள்கிறது. தலை நரைத்த ஆண் நடிகர் கதைத்தலைவராகத் தொடர, அவருடன் இணையாக நடித்த நடிகையோ சில ஆண்டுகளில் தாய் வேடத்திற்கு மாற்றப்படுகிறார்.

தடையை மீறிய படைப்புகள்

மூத்த பெண்ணை முன்னிறுத்தினால் மக்கள் பார்ப்பார்களா என்னும் ஐயத்திற்குச் சில தொடர்கள் விடையளித்துள்ளன. அமெரிக்கத் தொடரான ‘மர்டர், ஷி ரோட்’ 1984 முதல் 1996 வரை ஒளிபரப்பானது. கணவரை இழந்தவரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான ஜெசிகா ஃபிளெட்சர் அதில் துப்பறியும் எழுத்தாளராக வருகிறார். அவ்வேடம் ஏற்ற ஏஞ்சலா லான்ஸ்பரிக்குத் தொடர் தொடங்கியபோது அகவை 58. அத்தொடர் 264 பகுதிகள் வரை நீண்டது. பிரித்தானியத் தொடரான ‘ஹேப்பி வேலி’யில் (2014 – 2023) மகளை இழந்து பேரனை வளர்க்கும் காவலர் கேத்தரின் கேவுட் தலைமைப் பாத்திரம் ஆவார். அதனை எழுதியவர் சாலி வெயின்ரைட் என்னும் பெண்.

தமிழிலும் மாற்றத்தின் அறிகுறிகள் தோன்றியுள்ளன. வங்கமொழித் தொடரான ‘ஸ்ரீமொயி’யின் தழுவலாக 2020இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’, வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாயான நடுவயதுப் பெண் சமையல் தொழிலால் தன் காலில் நிற்பதைக் காட்டியது. 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ மேலும் ஓர் அடி எடுத்துவைத்தது. அதில் ‘அப்பத்தா’ என்று அழைக்கப்படும் பட்டம்மாள், குடும்பச் சொத்தில் 40 விழுக்காட்டுப் பங்குக்கு உரிமையுடையவர். வீட்டு ஆண்களின் ஆணவத்திற்கு அஞ்சாமல், அடக்கிவைக்கப்பட்ட பெண்களின் பக்கம் அவர் நிற்கிறார். அவருடைய கையொப்பத்திற்காகக் குடும்பமே காத்திருக்கும் நிலையில், முதுமை இரக்கத்திற்குரியதாக இல்லாமல் மதிப்பிற்குரியதாகிறது. இவ்வேடத்தை ஏற்றவர் மேடை நாடகக் கலைஞர் பம்பாய் ஞானம்.

தெரிந்து தெளிவோம்

பம்பாய் ஞானம், பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழு ஒன்றை 1989இல் நிறுவியவர். ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்பது அக்குழுவின் சிறப்பு.

நான்கு மூத்த பெண்களின் நட்பைச் சித்திரித்த ‘தி கோல்டன் கேர்ள்ஸ்’ (1985 – 1992) என்னும் அமெரிக்கத் தொடரின் முதன்மை நடிகையர் நால்வரும் எம்மி விருது பெற்றனர். அதில் தாயாக நடித்த எஸ்டெல் கெட்டி, மகளாக நடித்த பியா ஆர்தரைவிட அகவையில் ஓராண்டு இளையவர்.

வாழ்க்கையும் திரையும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 அகவை நிறைந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். அவர்களுள் ஏறத்தாழ 5.3 கோடிப் பேர் பெண்கள். அப்பெண்களிடையே வயலில் நாற்று நடுபவர், சந்தையில் கடை விரிப்பவர், பேரப்பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குபவர் எனப் பல்வகைப்பட்டோர் உள்ளனர்.

மதுரை மாவட்டத்தின் சின்னப்பிள்ளை, எழுதப்படிக்க அறியாத வேளாண் கூலித்தொழிலாளி. களஞ்சியம் இயக்கத்தின் வழியே எளிய பெண்களைச் சேமிப்புக் குழுக்களாக ஒருங்கிணைத்தார். அவருக்கு ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவருடைய காலைத் தொட்டு வணங்கினார். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் நிலமற்ற ஏழைப் பெண்களுக்கு நிலம் கிடைக்க வாழ்நாள் முழுதும் உழைத்தவர். எண்பது அகவையைக் கடந்தபின்னும் அப்பணியைத் தொடர்ந்தார். 2020ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. திரை எழுதத் தயங்கும் கதைகளை வாழ்க்கை எழுதிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

திரையில் நாள்தோறும் காணும் உருவம், வீட்டில் இருப்பவரைக் காணும் பார்வையையும் மெல்ல வடிவமைக்கிறது. பாட்டி என்பவர் அழவோ அதட்டவோ மட்டுமே தெரிந்தவர் என்று பழகிய கண்களுக்கு, சொத்து, மருத்துவம், பேத்தியின் மேற்படிப்பு ஆகியவற்றில் அவர் சொல்லும் கருத்து பொருட்டாகத் தோன்றாது. அவரும் தம் காலம் முடிந்துவிட்டதாக எண்ணி ஒதுங்கிக்கொள்வார். பாத்திரப் பஞ்சத்தின் உண்மையான இழப்பு இதுவே.

இதனை மாற்றும் பொறுப்பு எழுதுபவர்க்கும் தயாரிப்பவர்க்கும் மட்டுமன்றிப் பார்ப்பவர்க்கும் உண்டு. தொடர் முடிந்து விளம்பரம் ஒலிக்கும் இடைவெளியில், அருகில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் அவருடைய இளமைக்காலம் பற்றி ஒரு வினா எழுப்பினால் போதும். எந்தத் தொடரிலும் இதுவரை இடம்பெறாத கதை ஒன்று அங்கிருந்து தொடங்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இடம்பெறும் மூத்த பெண் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, பாடத்தில் கூறப்பட்ட நான்கு கூறுகளும் அதில் அமைந்துள்ளனவா என ஆராய்ந்து எழுதுக.

2. உங்கள் இல்லத்திலோ தெருவிலோ வாழும் மூத்த பெண் ஒருவரிடம் நேர்காணல் செய்து, அவருடைய வாழ்வின் ஒரு நிகழ்வை நாடகக் காட்சியாக எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.

3. ‘கவுந்தியடிகளும் இன்றைய சின்னத்திரைப் பாட்டியும்’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.