பேத்திக்கு ஒரு பேனாக்கத்தி

கத்தி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் இரண்டு படங்கள்தாம் தோன்றும். ஒன்று, சமையலறையில் காய் நறுக்கும் கத்தி. மற்றது, பழைய இந்திப் படங்களில் வில்லனின் கையில் ‘டக்’கென்று திறக்கும் ராம்பூர்க் கத்தி. இவ்விரண்டுக்கும் நடுவே, சட்டைப் பைக்குள் அடங்கிக் கிடக்கும் மூன்றாவது ஒன்றும் உண்டு. அதுதான் பேனாக்கத்தி என்று நாம் அழைக்கும் மடக்குக் கத்தி.

இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நம் முன்னோரும் இதற்குச் சளைத்தவர்களல்லர். பனை ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்றொரு கருவி இருந்தது. ஒரே பிடியில் எழுதுவதற்கு எழுத்தாணியும், ஓலையை நறுக்கிச் சீர்செய்யச் சிறு கத்தியும் மடங்கி இருக்கும். ஆகவே மடக்குக் கத்தி ஆயுதசாலையைச் சேர்ந்ததன்று; எழுத்து மேசையைச் சேர்ந்தது என்று சொல்லலாம்.

அண்மையில் இப்படி ஒரு கத்தியைக் கைப்பேசி மூலமாகவே தேர்ந்தெடுத்து, வரவழைத்து, பரிசாகக் கொடுத்தேன். அதைப் பற்றிச் சங்கத்து நண்பர்கள் சிலர் விவரம் கேட்டார்கள். மற்ற அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

யாருக்கு, எதற்கு?

என் மகள் வயிற்றுப் பேத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறினாள். மகளும் மருமகனும் கணினித் துறையில் இருப்பவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு, நுழைவுத் தேர்வு, பெரிய கல்லூரி என்று அவளுக்குப் பாதை போட்டு வைத்திருந்தார்கள். அவளோ, “எனக்கு மெஷின்தான் பிடிச்சிருக்கு. இப்பவே ஒர்க்ஷாப்புக்குப் போகணும்” என்று சொல்லி, மெக்கானிகல் டிப்ளமோதான் படிப்பேன் என்றாள்.

இரண்டு மாதம் வீடு வீடாக இல்லை. “டிப்ளமோவா?” என்று மருமகன் கேட்டது என் காதிலும் விழுந்தது. அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் நானும் டிப்ளமோக்காரன்தானே! அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் 1979-இல் ரயில்வேயில் டிரெயின் எக்ஸாமினர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். 2018-இல் ஓய்வு பெற்றேன். நான் வாய் திறந்தால் என் கட்சிக்கு ஆள் சேர்ப்பதாக ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். கடைசியில் அவளுடைய பிடிவாதமே வென்றது. கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது, விடுதியிலும் சேர்த்துக்கொண்டார்கள்.

மடிக்கணினி அப்பா வாங்கிக் கொடுத்தாயிற்று. பெட்டியும் துணிமணியும் அம்மா. தாத்தாவின் பங்காக, தொழிலைத் தொடங்குகிற ஒருவருக்குக் கொடுக்கத்தக்க ஒரு கருவியைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாக்குவம் பிரேக் காலத்தில் ஹோஸ் பைப்பின் ரப்பர் வாஷரை நறுக்குவதிலிருந்து மதியம் கொய்யாப்பழம் அரிவது வரை என் பையில் இருந்த மடக்குக் கத்திதான் உதவியது.

வீட்டில் எதிர்ப்பு வந்தது. “கத்தியைப் போய் யாராவது பரிசாக் கொடுப்பாங்களா? உறவு அறுந்து போயிடும்னு சொல்வாங்க” என்றாள் என் மனைவி. மகளோ, “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப்பா கத்தி?” என்றாள். “பேரனா இருந்தா இதைக் கேட்டிருப்பியாம்மா?” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. நான் தேடத் தொடங்கினேன்.

எந்தக் கத்தி?

மடக்குக் கத்திகளில் முக்கியமாக இரண்டு வகை. முதல் வகையில், அலகின் அடிப்பாகத்தை ஒரு பட்டை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். திறந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் அலகு அதன் பலத்தில் நிற்கும். சரக்கு வாகனங்களின் அடியில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பட்டை ஸ்பிரிங்கின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகையில் பூட்டு உண்டு. திறந்த அலகை மடக்க வேண்டுமானால் பூட்டை விடுவித்தாக வேண்டும்.

பூட்டு உள்ளது விரல்மேல் மடங்காது என்பது உண்மை. ஆனால் அன்றாடச் சிறு வேலைக்கு முதல் வகையே போதும். அளவும் எடையும் குறைவு. ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்க வேண்டும். இதை அறுக்க மட்டுமே பயன்படுத்தலாம். குத்தவோ நெம்பவோ கூடாது.

பிரெஞ்சு நாட்டின் சவோய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் உருவாக்கிய கத்தி மரப்பிடியுடன் மிக எளிமையானது. 1955 முதல் அதில் சுழற்றிப் பூட்டும் வளையமும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கென்று முனை மழுங்கிய மாதிரியும் செய்கிறார்கள். அதில் கார்பன் ஸ்டீல், துருப்பிடிக்காத ஸ்டீல் என இரு வகை. கார்பன் ஸ்டீல் தீட்டுவதற்கு எளிது. ஆனால் ஒரு மாங்காயை அரிந்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துப் போகும். விடுதியில் இருக்கப்போகும் பெண்ணுக்குத் துருப்பிடிக்காததே நல்லது. மேலும் அவளுக்கு ஸ்குரூ டிரைவரும் தேவைப்படும். ஆகவே என் பார்வை சுவிஸ் கத்தியின் பக்கம் திரும்பியது.

இரண்டு ஸ்பிரிங், ஆறு கருவிகள்

இந்தக் கத்தியின் கதை சுவையானது. கார்ல் எல்செனர் என்பவர் சுவிட்சர்லாந்தின் ஷ்விஸ் மாநிலத்தில் இபாக் என்னும் ஊரில் 1884-இல் கத்திப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அந்நாட்டுச் சிப்பாய்களுக்குத் தகர டப்பா திறக்கவும், துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டவும் ஒரே கருவி தேவைப்பட்டது. முதலில் அது ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. நம் நாட்டு ராணுவத்துக்கு நாமே செய்வோம் என்று எல்செனர் முனைந்து, 1891-இல் முதன்முதலாக வழங்கினார். ஜெர்மன் ஆலைகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தார். உறவினர்களின் உதவியால் பிழைத்தார்.

பிறகுதான் அவருடைய மூளை வேலை செய்தது. ஒரே ஸ்பிரிங்கின் இரு புறமும் கருவிகளை அமைத்தால் என்ன? அப்படி உருவான ‘ஆபீசர் கத்தி’யை 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார். தாயார் விக்டோரியாவின் மறைவுக்குப் பின் 1909-இல் அவர் பெயரையே தம் தயாரிப்புக்குச் சூட்டினார். துருப்பிடிக்காத இரும்பைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல் 1921-இல் ஒட்டிக்கொள்ள, விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

டிப்ளமோக்காரனுக்குப் பிடித்த இன்னொரு செய்தி. அதன் அலகு ராக்வெல் அளவில் 56 கடினம், டப்பா திறக்கும் கருவி 52, ஸ்பிரிங் 49. வெட்டுவது கடினமாக இருக்க வேண்டும். வளைந்து கொடுப்பது அவ்வளவு கடினமாக இருந்தால் ஒடிந்துபோகும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி கடினமாக்குவது பொறியியல் ஆகாது.

இதில் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு மாதிரிகளை எடுத்து ஒப்பிட்டேன். ‘ஸ்பார்ட்டன்’, ‘டிங்கர்’ என்று பெயர். இரண்டிலும் பெரிய அலகு, சிறிய அலகு, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், குத்தூசி, முள்வாங்கி, பல்குச்சி எல்லாம் உண்டு. வேறுபாடு ஒன்றுதான். ஸ்பார்ட்டனில் ஒயின் பாட்டிலின் தக்கையை எடுக்கும் திருகாணி. டிங்கரில் அந்த இடத்தில் நட்சத்திர ஸ்குரூ டிரைவர். பாலிடெக்னிக் மாணவிக்கு எது வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பாட்டியின் ஆட்சேபணையும் ஒன்று குறைந்தது!

சட்டம் என்ன சொல்கிறது?

இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் ஆயுத வரிசையில் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. நம் டில்லியில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு. பொத்தானை அழுத்தினாலோ ஸ்பிரிங்கின் விசையாலோ திறக்கும் கத்திகளில், அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் உள்ளவற்றைச் செய்வதையும் விற்பதையும் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை தடுக்கிறது. கைப்பேசித் திரையில் விளம்பரம் வருகிறது என்பதற்காக எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடாது. நகத்தால் இழுத்துத் திறக்கும் சிறு கத்தியை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

மொராதாபாத் - பரேலி பாதையில் உள்ள ராம்பூரில் 2023-இல் 20 அடி நீளக் கத்தி ஒன்றைச் செய்து நாற்சந்தியில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஊர்த் தொழிலாளியின் கைவண்ணத்துக்கு அது தகுந்த மரியாதைதான். ஆனால் அவ்வூர் நீளக் கத்தி மாணவர்களுக்கு ஏற்றதன்று.

விமானத்தில் எந்தக் கத்தியையும் கைப்பையில் எடுத்துச் செல்ல முடியாது. எடை போட்டு ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். விடுதியில் அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. நான் தொலைபேசியில் வார்டனையே கேட்டேன். “டூல் கிட்டோட இருக்கட்டும் சார், ரூமுக்கு வெளியே பாக்கெட்ல வேண்டாம்” என்றார். நியாயமான பதில்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடையில் கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். திரையில் அந்த வசதி இல்லை. ஆகவே சில வழிகளைக் கடைப்பிடித்தேன்.

முதலாவது, அளவு. படத்தில் எல்லாக் கத்தியும் ஒரே பருமனாகத்தான் தெரியும். மில்லிமீட்டரைப் பார்த்து, ஸ்கேல் வைத்து அட்டையில் வெட்டி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது, விற்பவர் யார் என்பது. வலைத்தளத்தின் பெயர் ஒன்று. அதில் சரக்கை விற்பவர் வேறொருவர். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் விவரமும், இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதியாளர் யார் என்பதும் தெரிவிக்கப்பட வேண்டும். இவை இல்லாத பக்கத்தை மூடிவிடுங்கள். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலோ அதிகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ வாங்குவது உத்தமம். அதிகபட்ச விலையில் பாதிக்கும் கீழே ஒரு புதிய சுவிஸ் கத்தி கிடைக்கிறது என்றால் அது போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, வாங்கியவர்களின் கருத்துகள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரக்காரர்கள் எழுதுவதைப் படியுங்கள். நிறையும் குறையும் அங்கேதான் இருக்கும்.

நான்காவது, பெட்டியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கத்தி நான்காம் நாள் வந்தது. பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயரும் ‘ஸ்விஸ் மேட்’ என்பதும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பட்டைகளுக்கிடையே இடைவெளி தெரியவில்லை. அலகைத் திறந்து இடவலமாக அசைத்தேன், ஆட்டம் இல்லை. பிறகு ஒவ்வொரு கருவியாகத் திறந்து ஓசையைக் கேட்டேன். சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையிலிருந்து விரிசலைக் கண்டுபிடித்த காது இது. ஆறும் ஒரே சீராகச் சொடுக்கின.

கொடுத்த விதம்

மனைவியின் அச்சத்துக்கும் வழி இருந்தது. ஐரோப்பியரிடையேயும் இதே நம்பிக்கை உண்டு. கத்தியைப் பெறுபவர் ஒரு காசு கொடுத்துவிட்டால் அது பரிசு அன்று, விற்பனை, உறவுக்குப் பங்கமில்லை. பேத்தி ஒரு ரூபாய் நாணயத்தைப் பாட்டியின் கையில் கொடுத்தாள். கத்தியை நான் கையில் தராமல் மேசைமேல் வைத்தேன், அவள் எடுத்துக்கொண்டாள். பாட்டிக்குப் பரம திருப்தி.

மருமகன் அதை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார். “இதுக்குள்ள எத்தனை ஸ்பிரிங் மாமா இருக்கு?” என்றார். நான் வாய் திறக்குமுன் பேத்தி முந்திக்கொண்டாள். “ரெண்டே ரெண்டுதான்ப்பா. இந்த ரெண்டு பிளேடுக்கும் ஒண்ணு, ஓப்பனர் ரெண்டுக்கும் ஒண்ணு. பின்பக்கத்து ஸ்குரூ டிரைவரும் ஊசியும் அதே ஸ்பிரிங்கோட முதுகுலதான் உக்காந்திருக்கு” என்று விளக்கினாள். அவர் இன்னொரு முறை மூடித் திறந்து பார்த்தார். “நல்ல டிசைன்” என்றார். அன்று இரவு அவரே ஒரு பழைய மேசை விளக்கைக் கொண்டுவந்து, அதன் பிளக்கை மாற்றச் சொல்லி அவளிடம் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த விதிகள் ஐந்தே. உடம்புக்கு எதிர்ப்புறமாக வெட்டு. திறந்த கத்தியுடன் நடக்காதே. பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடு. மாதம் ஒரு முறை வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. கூர் மழுங்கினால் உடனே சாணைக்கல்லில் தீட்டு. மழுங்கிய கத்திக்குத்தான் அதிகம் அழுத்த வேண்டியிருக்கும், அப்போதுதான் வழுக்கிக் கையை வெட்டும்.

கேரளா எக்ஸ்பிரஸில் அவளை ஏற்றிவிட்டோம். கத்தி பெட்டியின் அடியில் டூல் கிட்டோடு இருந்தது. பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ தொழிற்படிப்புக்கு அனுப்பும் அன்பர்கள் இப்படி ஒரு கருவியையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.