தனித்தொகுதியும் திருமுழுக்குப் பதிவேடும்

வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டதும் தேர்தல் முடிந்துவிடுகிறது என்றே நாம் கருதுகிறோம். தனித்தொகுதியில் வென்ற தலித் வேட்பாளருக்கு அதற்குப் பின்னரும் ஒரு சோதனை காத்திருக்கக்கூடும். அவர் எந்தக் கடவுளை வணங்குகிறார் என்ற விசாரணையே அது.

2021ஆம் ஆண்டு கேரள சட்டமன்றத் தேர்தலில், தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் மிகுதியாக வாழும் தேவிகுளம் தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா வெற்றி பெற்றார். அவர் கிறித்தவர், எனவே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் போட்டியிடத் தகுதியற்றவர் என்று, தோல்வியுற்ற காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் வழக்குத் தொடுத்தார். திருச்சபைப் பதிவேடுகளும் ராஜாவின் திருமண நிழற்படங்களும் சான்றுகளாக ஆராயப்பட்டன. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என அறிவித்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, அவரது வெற்றியை உறுதி செய்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் வழக்கிலேயே கழிந்தன.

இவ்விசாரணை புதிதன்று. 1967இல் கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் வென்ற எஸ். ராஜகோபாலின் தேர்தலும் இவ்வாறே செல்லாததாக்கப்பட்டது. ஒருகாலத்தில் கிறித்தவராக மாறியிருந்த அவர், இந்து மதத்துக்குத் திரும்பியிருந்தார். ஆயினும், ஆதிதிராவிடச் சாதியினராக மீண்டும் ஏற்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்றது நீதிமன்றம். 1972இல் அவர் அதே தொகுதியில் மீண்டும் வென்றார், மீண்டும் வழக்கு. சாதியார் அவரை ஏற்றுக்கொண்டனர் என்பது இம்முறை மெய்ப்பிக்கப்பட்டதால், 1975இல் உச்ச நீதிமன்றம் அவ்வெற்றியை ஏற்றது. ஒருவர் தம் மக்களின் பிரதிநிதியாவதற்கு, வாக்காளரின் ஒப்புதலோடு சாதியின் ஒப்புதலையும் காட்ட வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் வேர் 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையில் உள்ளது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று விதித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றளவும் வெளியே நிறுத்தப்பட்டுள்ளனர். பழங்குடியினர் பட்டியலுக்கு இத்தகைய மத நிபந்தனை எதுவும் இல்லை. நாகாலாந்தின் 60 சட்டமன்றத் தொகுதிகளில் 59 பழங்குடியினருக்கானவை. அவற்றில் கிறித்தவர் தடையின்றிப் போட்டியிட்டு வெல்கின்றனர். அங்கே மதம் கேட்கப்படுவதில்லை. தலித்திடம் மட்டுமே கேட்கப்படுகிறது.

மதம் மாறினால் சாதி மறைந்துவிடும் என்பது இந்த ஆணையின் எடுகோள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிறித்தவக் கல்லறைகளே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. சேரியில் பிறந்து, சேரியில் வாழ்ந்து, தனிக் கல்லறையில் புதைக்கப்படும் ஒருவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது அரசு. மாநிலத்தின் 44 தனித்தொகுதிகளில் ஒன்றில்கூட அவர் வேட்பாளராக முடியாது. ஆனால் ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பின்னரும் 'கிறித்தவ வாக்கு' எங்கே சென்றது என்ற விவாதம் தவறாமல் நடக்கிறது. அவரது வாக்கை எண்ணும் அரசியல், அவரை எண்ணுவதில்லை.

தலித் கிறித்தவரைச் சேர்த்தால், இப்போதுள்ள பட்டியல் சாதியினரின் பங்கு குறையும் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இட ஒதுக்கீட்டு அளவை உயர்த்தாமல் சேர்த்தால், அந்த அச்சம் நியாயமானதே. சட்டமன்றத் தொகுதிகளின் கணக்கு வேறு. அரசமைப்பின் 332ஆம் பிரிவின்படி, தனித்தொகுதிகளின் எண்ணிக்கை பட்டியல் சாதி மக்கள்தொகையின் விகிதத்தைச் சார்ந்தது. மக்கள்தொகை கூடினால், தொகுதி மறுவரையறையின்போது இடங்களும் கூட வேண்டும்.

மத நிபந்தனையை நீக்குமாறு 2007இலேயே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. அதை ஒன்றிய அரசு ஏற்கவில்லை, 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. மூன்றாம் பத்தி நீடிக்கும்வரை, அரசமைப்பின் 25ஆம் பிரிவு வழங்கும் மத உரிமையைத் தலித் ஒருவர் பயன்படுத்த வேண்டுமெனில், தனித்தொகுதியில் நிற்கும் உரிமையை விலையாகக் கொடுத்தாக வேண்டும். வேறெந்தக் குடிமக்களிடமும் கேட்கப்படாத விலை அது.