ஒரு வாரம் முன்பே முடிந்த உரை

1980-களில் ஓர் ஆய்வு மாணவருக்கு மாநாட்டில் பேச வாய்ப்புக் கிடைத்தால், அவர் முதலில் போய் நிற்கும் இடம் நிறுவனத்தின் வரைபடப் பிரிவு. கிராஃப் தாளில் பென்சிலால் போட்டுவந்த கோடுகளை அங்கிருக்கும் வரைவாளர் டிரேஸிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் வரைந்து தருவார். அச்சுகளின் பெயர்களை லெட்ராசெட் தாளிலிருந்து எழுத்து எழுத்தாகத் தேய்த்துப் பதிக்க வேண்டும். அடுத்தது புகைப்படப் பிரிவு. 35 மி.மீ. ஃபிலிமில் படம்பிடித்து, கழுவி, காயவைத்து, 2 அங்குலச் சதுரச் சட்டத்தில் பொருத்தி ஸ்லைடாகத் தருவார்கள். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் டயஸோ ஃபிலிமில் இன்னொரு பிரதி. ஓர் எழுத்துப் பிழை கண்ணில் பட்டாலும் மறுபடி டிரேஸிங் பேப்பரிலிருந்துதான் ஆரம்பம்.

அதனால் ரயில் ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பே உரை முடிந்துவிடும். மாற்ற எதுவும் மிச்சமிருக்காது. பேசிப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. வழிகாட்டிப் பேராசிரியரின் முன்னால், சக மாணவர்களின் முன்னால், யாரும் இல்லாத வகுப்பறையில் என்று அந்த வாரம் முழுவதும் வாய்க்கும் காதுக்கும் உரியதாக இருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறிய அத்தனை கருவிகளையும்விட அந்த ஒரு வாரம் காணாமல் போனதுதான் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன்.

கோடாக் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த கரோசல் புரொஜெக்டரின் வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகள் அடங்கும். ஸ்லைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் படம் நேராக விழும். அதற்காகச் சட்டத்தின் ஒரு மூலையில் சிவப்புப் பொட்டு ஒட்டி, கட்டைவிரல் பொட்டின்மேல் படும்படி பிடித்துச் செருகுவார்கள். பேச்சின் நடுவே முதல் வரைபடத்துக்குத் திரும்ப வேண்டுமா? தட்டைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டிருக்க முடியாது. அதே ஸ்லைடுக்கு இன்னொரு பிரதி எடுத்து உரிய இடத்தில் செருகி வைத்திருப்பார்கள். எந்த இடத்தில் திரும்பிப் பார்க்கப் போகிறோம் என்பதுகூட ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே தீர்மானமாகிவிடும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தியது ஓ.எச்.பி. ஷீட் என்ற ஒளி ஊடுருவும் தாள். பேனாவால் எழுதலாம், ஈரத்துணியால் அழிக்கலாம், ஜெராக்ஸ் கடையிலேயே நகலெடுக்கலாம். அப்படியொரு வேகம் தேவைப்பட்ட காலமும் வந்தது. 1986-இன் இறுதியிலும் 1987-இன் தொடக்கத்திலும் உயர்வெப்பநிலை மீக்கடத்திகளைப் பற்றிய முடிவுகள் வாரத்துக்கு வாரம் வந்து விழுந்தன. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் கூட்டத்துக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கடைசி நாளோ அதற்குள் தாண்டிவிட்டது. கழகம் தனியாக ஓர் அமர்வைச் சேர்த்தது. 1987 மார்ச் 18, நியூயார்க் ஹில்டன் ஓட்டல். ஆளுக்கு 5 நிமிடம் என்று 51 பேர் பேசினார்கள். மாலை 7:30-க்குத் தொடங்கிய அமர்வு அதிகாலை 3:15 வரை நீண்டது. அறைக்குள் இடமில்லாதவர்கள் வெளியே தொலைக்காட்சித் திரைகளைச் சுற்றி நின்று கேட்டார்கள். வரைவாளரின் மேசைக்கும் இருட்டறைக்கும் போய்த் திரும்பும் வரை காத்திருக்க முடியாத அறிவியல் அது.

அடுத்த மாதமே, 1987 ஏப்ரலில், ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்காகப் பவர்பாயிண்ட்டை வெளியிட்டது. அந்த முதல் பதிப்பு கறுப்பு வெள்ளையில் ஓ.எச்.பி. ஷீட்டுகளைத் தயாரிக்கத்தான். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. ஷீட்டும் தேவையில்லை, கணினியையே புரொஜெக்டரில் இணைக்கலாம் என்ற நிலை பிறகு வந்தது. 2004-இல் கோடாக் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது.

அன்றைய முறையை நான் திரும்பக் கேட்கவில்லை. வரைபடப் பிரிவும் புகைப்படப் பிரிவும் பெரிய நிறுவனங்களில்தான் இருந்தன. சிறு ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆய்வு செய்தவர், நல்ல முடிவு கையில் இருந்தும் மங்கிய ஸ்லைடோடு மேடையேற வேண்டியிருந்தது. இன்று அவரும் பெரிய நிறுவனத்து மாணவரும் ஒரே மென்பொருளில் வேலை செய்கிறார்கள். செல் ஒன்று பிரிவதை அசையும் படமாகவே காட்ட முடிகிறது. இவை சிறிய லாபங்கள் அல்ல. ஆனால் கடைசி நிமிடம் வரை மாற்றலாம் என்பதால் கடைசி நிமிடம் வரை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். முந்தின இரவு ஓட்டல் அறையில் எழுத்தின் அளவையும் அம்புக்குறியின் நிறத்தையும் திருத்திக்கொண்டிருப்பவர், தன் முதல் வாக்கியத்தை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமலே மேடைக்குப் போகிறார்.

போஸ்டரின் கதை வேறு. எல்லாரையும் மேடையேற்ற நேரம் போதாமல் போனபோது பிறந்த வழி அது. ஐரோப்பாவில் 1969-இல் மாட்ரிட் நகரில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டிலும், அமெரிக்காவில் 1974-இல் மினியாபொலிஸ் மாநாட்டிலும் போஸ்டர் அமர்வுகள் நடந்தன. தட்டச்சு செய்த தாள்களையும் புகைப்படங்களையும் வண்ண அட்டைகளில் ஒட்டி, ஒரு பெட்டியில் கொண்டுபோய், பலகையில் குண்டூசியால் வரிசையாகக் குத்திவிடலாம். ஒரு முடிவு மாறினால் அந்த அட்டையை மட்டும் மாற்றினால் போதும். இன்று அது 841-க்கு 1189 மி.மீ. அளவுள்ள ஒரே ஏ-ஜீரோ தாள், அதாவது 16 ஏ-நான்கு தாள்களின் பரப்பு. நம் ஊர்களில் கல்யாண பேனர் அடிக்கும் ஃபிளெக்ஸ் கடையில்தான் பலரும் அடிக்கிறார்கள். ஒளிரும் புரதத்தின் பச்சை, கணினித் திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் மங்கி வருவதை அங்கேதான் முதலில் பார்க்கிறார்கள். திரை ஒளியால் காட்டும் நிறங்கள் எல்லாவற்றையும் மையால் எட்ட முடியாது. உரையில் போய்விட்ட மாற்ற முடியாத நிலை போஸ்டரில் வந்து சேர்ந்திருக்கிறது. அச்சானபின் திருத்தம் கிடையாது. அதனாலேயே போஸ்டரோடு வரும் மாணவர் பேசத் தயாராக வருகிறார் என்பது என் கணிப்பு.

ஆனால் அந்தத் தாளைச் சொற்களால் நிரப்பிவிடுகிறோம். இதை எதிர்த்து 2019-இல் மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் ஒரு காணொளி வெளியிட்டார். கண்டறிந்தது என்ன என்பதை ஒரே எளிய வாக்கியமாகத் தாளின் நடுவே மிகப் பெரிதாக எழுதுங்கள், விவரங்களை ஓரத்துக்குத் தள்ளுங்கள், முழுக் கட்டுரைக்கு கியூ.ஆர். குறியீடு போதும் என்றார். நூற்றுக்கணக்கான போஸ்டர்கள் தொங்கும் கூடத்தில் நடந்துகொண்டே படிப்பவருக்கு இது உதவும். தரவைக் கண்ணால் பார்த்து முடிவைச் சோதிக்க விரும்புகிறவருக்கு அந்தப் பெரிய வாக்கியம் போதாது. அவருக்காக ஒரு நல்ல வரைபடமாவது நடுவில் இருந்தாக வேண்டும்.

உரைக்கு வருவோம். அந்த வாரத்தைத் தாங்களாகவே மீட்டுக்கொள்ளும் ஆய்வுக்குழுக்கள் இப்போதும் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு நாளைக் குறித்து, அதற்குப் பிறகு கோப்பைத் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொள்கிறார்கள். மார்ச் கூட்டம் போன்ற இடங்களில் 10 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி. முதல் ஒத்திகை பெரும்பாலும் கால் மணி நேரத்தைத் தாண்டும். எதை வெட்டுவது என்ற வாதத்தில் அநேகமாக வெளியேறுவது, மாணவர் மாதக்கணக்கில் பாடுபட்டு எடுத்த, ஆனால் ஆய்வின் கேள்வியோடு நேரடித் தொடர்பில்லாத வரைபடம். அதை அழிப்பதில்லை. நன்றி சொல்லும் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள், அந்த 2 நிமிடத்தில் யாராவது கேட்டால் காட்ட.